பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: நாங்கள் டென்வரில் இருக்கிறோம். போன கோடையில் காங்கேயம் பக்கத்திலிருந்து வந்திருந்த மாமனாரையும் கூட்டிக்கொண்டு தெற்கு டகோட்டாவில் உள்ள பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தோம். அன்றிலிருந்து பன்னிரண்டு வயது மகனுக்கு ஃபாசில் பைத்தியம். அதிலும் குளம்பு விலங்குகளின் மண்டையோடுதான் சேர்க்க வேண்டுமாம். இங்கே ஒரு கல், கனிமக் கண்காட்சியில் ஓரியோடான்ட் என்ற அழிந்துபோன குளம்பு விலங்கின் மண்டையோடு 900 டாலர் சொல்கிறார்கள், "95 சதவீதம் ஒரிஜினல்" என்கிறார்கள். நான்கு படம் அனுப்பியிருக்கிறேன். அதே கடையில் சீனாவிலிருந்து வந்த காண்டாமிருக மண்டையோடு, இதைப் போல மூன்று மடங்கு பெரியது, 1,200தான். எதை வாங்கலாம்? வாங்குவதே சரிதானா? படத்தைப் பார்த்த மாமனார், "கடைவாய் ஆட்டுப் பல்லாட்ட இருக்குது, கோரைப்பல்லு பன்னிக்கு இருக்கறாப்பல இருக்குது, ரெண்டு உருப்படிய ஒட்டி வெச்சிருக்கறானுங்க" என்கிறார். இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பேட்லேண்ட்ஸிலிருந்து திரும்பும் வழியில் பஃபலோ கேப் புல்வெளியில் காரை நிறுத்தியபோது, பல் ஒட்டிய தாடைத் துண்டு ஒன்றை மகன் எடுத்துவந்துவிட்டான். இப்போது ஷூ பெட்டிக்குள் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஓர் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாகக் கல்லுக்குள்ளிருந்து எலும்பை எடுப்பதுதான் என் பிழைப்பு. மண்டையோட்டின் படத்தைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் கண்குழியைப் பார்ப்பார்கள், கோரைப்பல்லைப் பார்ப்பார்கள். கடைவாய்ப்பல்லை முதலில் பார்க்கிறவர் மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகியவராகத்தான் இருக்க முடியும். கண்ணபுரம் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று பார்க்கிறார்களே, எங்கள் வேலையும் பாதி அதுதான்.

அவர் சொன்னது ஒரு வகையில் தப்பு, இன்னொரு வகையில் சரி. தப்பு எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டுக் கடைவாயும் பன்றிக் கோரைப்பல்லும் ஒரே வாயில் இருப்பது ஒட்டு வேலை இல்லை, அந்த விலங்கே அப்படித்தான். 1840-களில் மேற்கே தோல் வியாபாரம் செய்தவர்கள் வழியாக இந்த எலும்புகள் பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தபோது, ஜோசப் லைடி என்ற உடற்கூறு அறிஞர் இதே குழப்பத்தில்தான் மாட்டினார். 1848-இல் அவர் மெரிகோய்டோடான் கல்பர்ட்சோனி என்று பெயர் வைத்த விலங்குதான் உங்கள் படத்தில் இருக்கும் வகை. பின்னாளில் இந்த ஓரியோடான்ட் கூட்டத்தை அவர் 'அசைபோடும் பன்றிகள்' என்றே குறிப்பிட்டார். மாமனார் சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார். பன்றியும் இல்லை, ஆடும் இல்லை. இரட்டைக் குளம்பு விலங்குகளில் ஒட்டகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வைக்கலாம். ஒரு செம்மறியாட்டின் உடம்பு, உடம்புக்குச் சற்றுப் பெரிய தலை, குட்டைக் கால்கள். வட அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் மட்டுமே வாழ்ந்து, வாரிசு இல்லாமல் மயோசீன் என்ற புவியியல் காலம் முடிவதற்குள் மறைந்துபோன கூட்டம் இது. பேட்லேண்ட்ஸ் பாறைகளில் மூன்று கோடி வருடத்துக்கும் முந்தைய ஓர் அடுக்குக்குப் பழைய ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயரே 'ஆமை-ஓரியோடான் படுகை'. அந்த அளவுக்கு மலிந்து கிடந்தது. மண்டையோடு சேர்க்கத் தொடங்குகிறவர்கள் கைக்கு முதலில் இது வருவதற்கும் அதுதான் காரணம்.

மாமனாரிடம் இன்னொன்றும் காட்டுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேல்வாயில் முன்பல் கிடையாது, வெறும் ஈறுதான். ஓரியோடான்டுக்கு மேலே ஆறு முன்பல் உண்டு. மாட்டுக்கு மொத்தம் 32 பல் என்றால் இதற்கு 44. கண்ணுக்கு முன்னால், கன்னத்துக்கு மேலே, கட்டைவிரல் பதிகிற மாதிரி ஒரு குழி இருக்கும். கிண்டிப் பூங்காவில் வெளிமானைக் கிட்டத்தில் பார்த்திருந்தால் கண்ணின் ஓரத்தில் கருப்பாக ஒரு பிளவைக் கவனித்திருப்பீர்கள். அது வாசனைச் சுரப்பி. ஓரியோடான்டின் குழியிலும் அப்படி ஒரு சுரப்பி இருந்திருக்கலாம் என்று சொல்வார்கள். சுரப்பி மக்கிப் போய்விட்டது, குழி மட்டும் மிச்சம்.

இப்போது அவர் சொன்னதில் சரி எது என்று பார்ப்போம். உங்கள் நான்கு படங்களையும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இரண்டு டீ குடிக்கிற நேரம் பார்த்தேன்.

இரண்டாவது படம் மண்டையின் இடது பக்கம். நன்றாக இருக்கிறது. எலும்பு பழுப்பு கலந்த வெள்ளை, அதில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல்கள், குழியின் விளிம்பு தெளிவு, பல்லின் எனாமல் கருத்துப் பளபளக்கிறது. மூன்றாவது படம் வலது பக்கம். அங்கேயும் குழி இருக்கிறது, ஆனால் ஈர மாவில் விரலை அமுக்கின மாதிரி இருக்கிறது. கன்ன எலும்பில் ஒரு விரிசல்கூட இல்லை. ஒரே மண்ணுக்குள், ஒரே தலையின் ஒரு பக்கம் நூறு கீறல், மறு பக்கம் பீங்கான் மாதிரி வழவழப்பு என்றால், அந்த மறு பக்கம் போன வருடம் செய்தது என்று அர்த்தம். வலது கன்னம் மொத்தமும், கண்குழியின் கீழ்வளைவும் பூச்சு வேலை என்றே நினைக்கிறேன்.

நான்காவது படம்தான் முக்கியம். வாய் மூடிய நிலையில் பக்கவாட்டில் எடுத்தது. மேல்வாயின் கடைசிப் பல்லைப் பாருங்கள். இந்த விலங்குகளின் கடைவாய்ப்பல்லில் பிறை பிறையாக மேடுகள் இருக்கும். பல் முளைத்த புதிதில் அவை கூர்மையாக நிற்கும், மேயமேயத் தேய்ந்து தட்டையாகும். உங்கள் மேல்பல்லில் பிறை அநேகமாகத் தேய்ந்தே போய்விட்டது. நன்றாக வாழ்ந்து முடித்த விலங்கு அது. அதற்கு நேர் கீழே, கீழ்த்தாடையின் கடைசிப் பல் எலும்புக்குள்ளிருந்து பாதிதான் எட்டிப் பார்க்கிறது. அது இன்னும் பல் போட்டு முடிக்காத இளங்குட்டி. கிழவனின் தலைக்குப் பேரனின் தாடையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். மாமனார் "ரெண்டு உருப்படி" என்றது இந்தக் கணக்கில் மிகச் சரி, அவர் நினைத்த காரணத்துக்காக இல்லாவிட்டாலும்.

இதை மோசடி என்று உடனே சொல்லிவிட மாட்டேன். மண்டை தனியாக, தாடை தனியாகக் கிடைப்பது சகஜம். பார்வைக்கு முழுசாக இருக்கட்டும் என்று சேர்த்து வைப்பதும் தொழிலில் பழைய பழக்கம்தான். சேர்த்ததைச் சேர்த்தது என்று சொல்லி விற்றால் குறையில்லை. "95 சதவீதம் ஒரிஜினல்" என்ற வார்த்தை இருக்கிறதே, அதில்தான் சாமர்த்தியம். எலும்பு ஒரிஜினல்தான், ஒரே விலங்கு என்று அவர் சொல்லவே இல்லையே.

என் கதையும் இதேதான். படிக்கிற காலத்தில், சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து 250 டாலருக்கு ஒரு ஓரியோடான்ட் தலை வாங்கினேன். கடைக்காரர் பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்து, மூக்கின் மேல் ஒட்டியிருந்த அழுக்கை எடுக்கலாமென்று பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாகியது. இன்னும் துடைத்தேன், பழுப்புக்கு அடியில் வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர். கண்ணுக்கு முன்னால் இருந்த மூக்கு முழுக்க யாரோ ஒருவரின் கைவண்ணம். அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த வேலையில் நான் எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த மூக்குதான் கற்றுக்கொடுத்தது. இன்னும் மேசை மேல் வைத்திருக்கிறேன். (கடையில் வைத்து நீங்கள் அசிட்டோன் தடவிப் பார்க்க வேண்டாம். எலும்பு உதிராமல் இருக்கப் பூசும் பிசினையும் அது கரைத்துவிடும். கடைக்காரர் சண்டைக்கு வருவார், நியாயமாகவே.)

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஓரியோடான்டின் கீழ்வாயில் கோரைப்பல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது உண்மையில் கோரைப்பல் இல்லை. அது முதல் முன்கடைவாய்ப்பல், கோரை வேடம் போட்டுக்கொண்டு நிற்கிறது. நிஜக் கோரைப்பல் சின்னதாகி முன்பற்களோடு போய் வரிசையில் நின்றுவிட்டது. அதனால் மற்ற விலங்குகளில் மேல்கோரைக்கு முன்னால் வந்து மூட வேண்டிய கீழ்ப்பல், இதில் பின்னால் வந்து மூடுகிறது. வாழ்நாள் முழுக்க இரண்டும் அரிவாளைத் தீட்டுகிற மாதிரி ஒன்றோடொன்று உரசும். மேல்கோரையின் பின்பக்கத்தில் ஒரு தட்டையான தேய்மானம், கீழ்ப்பல்லின் முன்பக்கத்தில் அதற்கு ஜோடியாக ஒன்று. ஒரே விலங்கின் தாடை என்றால் இரண்டும் கையும் உறையும் மாதிரி பொருந்தும். வேறு விலங்கின் தாடை என்றால் கோணம் ஒத்துவராது, அல்லது ஒன்று தேய்ந்திருக்கும், மற்றது புதுசாக இருக்கும். தாடையைக் கழற்ற முடிகிற மாதிரி வைத்திருந்தால் கேட்டு வாங்கி, மெதுவாகப் பொருத்திப் பாருங்கள். பிசின் போட்டு ஒரேயடியாக ஒட்டியிருந்தால், ஏன் ஒட்டினீர்கள் என்று கேளுங்கள்.

புற ஊதா டார்ச் ஒன்று பத்து, இருபது டாலருக்குக் கிடைக்கும். இருட்டில் அடித்தால் எலும்பும் பல்லும் ஒரு மாதிரியும், பெயிண்டும் நிரப்பு மாவும் வேறு மாதிரியும் தெரியும். ஆனால் விரிசலை ஒட்டிய பசையும் மின்னும் என்பதால், மின்னியதெல்லாம் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விரிசல் வழியே கோடாக மின்னினால் அது ரிப்பேர். உள்ளங்கை அகலத்துக்கு மின்னினால் அது புனைவு.

பெயர்ச்சீட்டில் எழுதியிருக்கும் இனப் பெயரைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷுல்ட்ஸ், ஃபால்கன்பாக் என்ற இருவர் 1940 முதல் 1968 வரை ஓரியோடான்டுகளைப் பற்றித் தடிதடியாக எழுதி, ஏகப்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால், மண்ணின் எடையில் மேலிருந்து நசுங்கிய தலைக்கு ஒரு பெயர், பக்கவாட்டில் நசுங்கிய தலைக்கு வேறு பெயர் என்ற கதையாக இருந்தது. சப்பாத்திக் கட்டையின் கீழ் எப்படி மாட்டியது என்பதை வைத்து இனம் பிரித்தது போல. பெருவாரியான பெயர்கள் இப்போது ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிட்டன. பழைய பெயர்களைச் சொல்லி, "அபூர்வ இனம்" என்று விலை ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரித்துவிட்டு நகருங்கள்.

அலட்டிக்கொள்ள வேண்டியது வேறு ஒரு சீட்டைப் பற்றி. எங்கே, யார் நிலத்தில், எந்த அடுக்கில், எந்த வருடம் எடுத்தது என்ற சீட்டு. அது இருந்தால்தான் நான் காசு கொடுப்பேன். மண்டையோடு அழகாக இருந்து சீட்டு இல்லையென்றால் அது அலமாரிப் பொம்மை. மண்டை பாதி உடைந்து சீட்டு ஒழுங்காக இருந்தால் அதை வைத்து நாளை யாராவது எதையாவது கண்டுபிடிக்கலாம். நம் ஊர்க் கதை ஒன்றே போதும். ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் ஜம்முவின் காலாகோட் பகுதியில் ஒரு சின்னக் குளம்பு விலங்கின் பல்லையும் தாடைத் துணுக்கையும் கண்டெடுத்து, 1971-இல் அதற்கு இன்டோஹையஸ் என்று பெயர் வைத்தார். கூடவே அந்த இடத்திலிருந்து நிறையக் கல்லையும் சேகரித்து வைத்திருந்தார். அவர் இறந்து பல வருடம் கழித்து அவருடைய மனைவி அந்தக் கற்களை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். உடைக்க உடைக்க மண்டையோடுகளாக வந்தன. ஆய்வகத்தில் ஒரு மண்டையைச் சுத்தம் செய்தபோது காது எலும்பு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால், காதுக் கூட்டின் உட்சுவர் திமிங்கிலங்களுக்கு இருக்கிற மாதிரி தடித்துக் கிடந்தது. பூனை அளவே இருந்த ஒரு குளம்பு விலங்கு திமிங்கிலத்துக்கு நெருங்கிய சொந்தம் என்று 2007-இல் நேச்சர் இதழில் வந்தது. எந்த ஊர், எந்தப் பாறை என்று எழுதி வைக்காமல் ராவ் போயிருந்தால், அந்தக் கற்கள் வீடு காலி செய்யும்போது குப்பைக்குத்தான் போயிருக்கும்.

அமெரிக்காவில் இந்தச் சீட்டுக்குச் சட்டக் காரணமும் உண்டு. தனியார் நிலத்தில் கிடைத்தால் நிலத்துக்காரருக்குச் சொந்தம். அவர் விற்கலாம், நீங்கள் வாங்கலாம். கடைகளுக்கு வரும் நியாயமான ஓரியோடான்டுகள் வயோமிங், நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா மாட்டுப் பண்ணைகளிலிருந்து வருபவை. மத்திய அரசு நிலம் என்றால் கதையே வேறு. 2009-ஆம் வருடச் சட்டப்படி முதுகெலும்புள்ள விலங்கின் ஃபாசிலை ஆராய்ச்சி அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. அனுமதியோடு எடுத்தாலும் அது பொதுச் சொத்து, அருங்காட்சியகத்துக்குத்தான் போகும். பழங்குடியினரின் நிலம் இன்னும் நுட்பமானது. பேட்லேண்ட்ஸின் தென்பகுதி ஓக்லாலா லகோட்டா மக்களின் பைன் ரிட்ஜுக்குள் இருக்கிறது. 1990-இல் கிடைத்த 'சூ' என்ற டைரனோசார், யாருடைய நிலம், யாருக்கு விற்கும் உரிமை என்ற வழக்கில் சிக்கி, 1992-இல் எஃப்.பி.ஐ. வந்து பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனது தெரியுமில்லையா, அதுவும் அந்தப் பக்கத்துத் தகராறுதான். ஆகவே "தெற்கு டகோட்டா" என்று மட்டும் எழுதிய சீட்டு சீட்டே இல்லை. எந்தக் கவுண்டி, எந்தப் பண்ணை என்று ரசீதில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

சீனக் காண்டாமிருகத்தைத் தொடவே தொடாதீர்கள். கான்சு மாகாணத்தின் லின்ஷியா பகுதியில் கைலோதீரியம் என்ற கொம்பில்லாக் காண்டாமிருகம் குவியல் குவியலாகக் கிடைத்தது உண்மை. அங்கிருந்து வெளியே வரும் மண்டைகளில் இரண்டு, மூன்று விலங்கை ஒட்டிச் செய்தவை ஏராளம் என்பதும் உண்மை. 1,200 டாலருக்கு அவ்வளவு பெரிய தலை ஏன் வருகிறது என்று இப்போது புரியும். அது நூற்றுக்கு நூறு அசலாக இருந்தாலும், சீனா அனுமதியில்லாமல் ஃபாசிலை வெளியே விடுவதில்லை. "ரொம்ப வருடத்துக்கு முன்னாலேயே வந்தது" என்பார்கள். காகிதம் காட்டச் சொல்லுங்கள். நடிகர் நிக்கோலஸ் கேஜ் 2007-இல் ஏலத்தில் 2,76,000 டாலர் கொடுத்து ஒரு டைனோசர் மண்டையோடு வாங்கினார். அது மங்கோலியாவிலிருந்து கடத்தப்பட்டது என்று தெரிந்ததும் 2015-இல் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். அவர் மேல் குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை, ஆனால் மண்டையும் போயிற்று. அவருக்குக் கட்டுப்படியாகும். உங்களுக்கும் எனக்கும் ஆகாது.

சரி, வாங்குவதே சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். என் துறையில் பாதிப் பேர் கூடாது என்பார்கள். விலை வைத்தால் திருடன் வருவான் என்பது அவர்கள் வாதம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பேட்லேண்ட்ஸ் மண் வருடா வருடம் மழையில் கரைந்துகொண்டே இருக்கிறது. பண்ணை நிலத்தில் வெளியே வந்த தலையை யாரும் எடுக்காவிட்டால் இரண்டு, மூன்று குளிர்காலத்தில் தூளாகிவிடும். ஓரியோடான்ட் போல ஆயிரக்கணக்கில் ஏற்கெனவே அருங்காட்சியகங்களில் இருக்கிற ஒன்றை, ஒழுங்கான காகிதத்தோடு, ஒரு பையன் வாங்கிப் படிப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. அபூர்வமானதற்கு ஆசைப்படுகிற நாளில் என்னிடம் திரும்ப வாருங்கள், அப்போது வேறு மாதிரிப் பேசுவேன்.

அவனுக்கு முதலில் முழுத் தலை வேண்டாம். ஒரு பக்கக் கீழ்த்தாடை, பல் வரிசையோடு, கல் கொஞ்சம் ஒட்டியபடியே வாங்கிக் கொடுங்கள். முழு மண்டையைவிட மிகவும் மலிவு, ஏமாற்றுவதும் கடினம். கல்லுக்குள் பாதி புதைந்திருப்பதில் பூச்சு வேலை செய்வது அவ்வளவு சுலபமில்லை. மூங்கில் குச்சியும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்து அந்தக் களிமண்ணை அவனே எடுக்கட்டும். ஒரு பல்லுக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். மண்ணுக்குள்ளிருந்து எனாமல் முதன்முதலில் மினுங்குகிற அந்தக் கணம் இருக்கிறதே, பதினெட்டு வருடத்தில் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. அப்புறம், கோடையில் மறுபடி பேட்லேண்ட்ஸ் போனால் பென் ரைஃபல் பார்வையாளர் மையத்தில் எலும்பு சுத்தம் செய்கிற ஆய்வகத்தை நேரில் பார்க்கலாம், வேலை செய்கிறவர்களிடம் பேசலாம். அரை நாள் ஒதுக்குங்கள்.

வீட்டில் வைப்பது பெரிய வித்தை இல்லை. பல் தரையில் படும்படி வைக்காதீர்கள். தண்ணீர்க் குடத்துக்கு வைக்கிற சும்மாடு மாதிரி நுரைப்பஞ்சில் ஒரு வளையம் செய்து, அதன் மேல் உட்கார வையுங்கள். தண்ணீரில் கழுவவே கூடாது, அந்தக் களிமண் ஊறி எலும்பைப் பிளந்துவிடும். வார்னிஷ் வேண்டாம். உடைந்தால் சூப்பர் குளூவுக்குக் கை போகும், போகக் கூடாது. ஒருமுறை ஒட்டினால் சுத்தமாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. நாங்கள் பாராலாய்டு பி-72 என்ற பிசின் மணிகளை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துகிறோம். தப்பாக ஒட்டினால் அசிட்டோன் தொட்டுக் கழற்றிவிடலாம். அசிட்டோன் தீப்பிடிக்கும் என்பதால் அந்த வேலை உங்கள் கையில், ஜன்னலைத் திறந்து வைத்து. ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தப் பிசின் 40 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் மண்டையை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

கடைசியாக அந்த ஷூ பெட்டி. கூச்சப்பட வேண்டாம், பையனையும் திட்ட வேண்டாம். பஃபலோ கேப்பில் ஃபேர்பர்ன் அகேட் கல் பொறுக்க எத்தனையோ பேர் வருகிறார்கள், அதற்கு அனுமதி உண்டு. கல்லை எடுக்கலாம், கல்லாகிப் போன பல்லை எடுக்கக் கூடாது என்பது பன்னிரண்டு வயதுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அது அரசின் வன சேவைத் துறை நிலம். முதுகெலும்புள்ள விலங்கின் ஒரு பல் துணுக்குக்கூட உங்களுடையது ஆகாது. நீங்களாகவே போய்ப் போட்டுவிட்டு வரவும் வேண்டாம். எடுத்த இடம் தெரியாமல் திரும்பப் போடுவது இன்னொரு தப்பு. அரிசோனாவில் கல்மரக் காடு என்று ஒரு தேசியப் பூங்கா. எடுத்துப் போனவர்கள் மனசு கேட்காமல் மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பிய கற்கள் அங்கே ஒரு குவியலாகக் கிடக்கின்றன. எங்கிருந்து வந்தவை என்று தெரியாததால் எந்த இடத்திலும் திரும்ப வைக்க முடியவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அன்று அங்கே எடுத்த போன் படங்களைத் தேடுங்கள், இருப்பிடம் அதிலேயே பதிந்திருக்கும். தேதி, எந்தச் சாலை, எவ்வளவு தூரம் நடந்தீர்கள், துண்டு தரையில் எப்படிக் கிடந்தது என்று மகனையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வால் ஊரில் இருக்கிற புல்வெளி அலுவலகத்துக்கு போன் போட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். அவன் கையாலேயே கொடுக்கட்டும். தானாக வந்து ஒப்படைக்கிற குடும்பத்திடம் நான் பார்த்த அலுவலர்கள் யாரும் கடுமையாக நடந்துகொண்டதில்லை.

எடுக்காமல் விட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் அவனிடம் சொல்லுங்கள். 1993-இல் அயோவாவிலிருந்து வந்த இரண்டு பேர், பேட்லேண்ட்ஸ் பூங்காவில் கோனாட்டா என்ற இடத்தருகே தரையில் முதுகெலும்பு ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். தொடாமல் பூங்காக்காரர்களிடம் போய்ச் சொன்னார்கள். நாலு நாளில் முடியும் என்று தோண்டத் தொடங்கிய குழி பதினைந்து கோடைக்காலம் நீண்டது. 19,000-க்கும் மேற்பட்ட எலும்புகள். முதலில் கிடைத்ததைப் பன்றி மாதிரியான ஆர்க்கியோதீரியம் என்று நினைத்து 'பெரும் பன்றிக் குழி' என்று பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது கொம்பில்லாக் காண்டாமிருகம். பெயர் அப்படியே நின்றுவிட்டது. 2010-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே எலும்பு தெரிவதைப் பார்த்துச் சொன்னாள். அது வாள்பல் பூனை மாதிரியான விலங்கொன்றின் மண்டையோடு.

900 டாலர் தலைக்கு வருவோம். கன்னம் பூச்சு, தாடை வேறு விலங்கு என்று கடைக்காரர் தானாக ஒப்புக்கொண்டு, பண்ணையின் பெயரோடு ரசீது தந்தால், 400 வரை போகலாம். இடது பக்கம் உண்மையிலேயே அருமையாக இருக்கிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். போகும்போது மாமனாரை வீடியோ காலில் வைத்துக்கொள்ளுங்கள். மகனை விட்டுக் கீழ்த்தாடையின் முன்வரிசையை எண்ணச் சொல்லுங்கள். கோரை வேடம் போட்ட அந்தப் பல்லுக்கு முன்னால், பக்கத்துக்கு நான்காக எட்டுப் பல் இருக்க வேண்டும். குறைந்தால் காலிக் குழியாவது இருக்க வேண்டும். எண்ணி முடித்ததும் அந்த வரிசையைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.